பூனைக்கு மணி கட்டினால் போதுமா?

வேலையில்லாத் திண்டாட்டம், வரதட்சணை, மாணவர் ஒற்றுமை என்று மற்றவர்கள் இந்த மலரில் எழுதியிருப்பார்கள். நான் எழுதப்போவது எங்கள் வீட்டுப் பூனையைப் பற்றி. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

போன செமஸ்டர் லீவில் ஊருக்குப் போனபோது, கொல்லையில் இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்து ஒரு தையல்சிட்டு கூடு கட்டியிருந்தது. உள்ளே கட்டைவிரல் அளவில் மூன்று குஞ்சுகள். தங்கச்சி தினமும் எட்ட நின்று பார்ப்பாள். ஐந்தாம் நாள் விடிந்தபோது கூடு கிழிந்து கிடந்தது. எங்கள் பூனை திண்ணையில் உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டிருந்தது. தங்கச்சி இரண்டு நாள் அதற்குச் சோறு வைக்கவில்லை.

"ராத்திரியில அதை வெளியே விட வேண்டாம்மா" என்றேன். அம்மா திருப்பிக் கேட்டாங்க: "எலி பிடிக்காத பூனையை எதுக்குடா வளர்க்கணும்? நெல்லு மூட்டைக்கு நீ வந்து காவல் இருப்பியா?"

நியாயமான கேள்விதான். தானியம் சேர்த்த இடத்துக்கு எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கல்லறையில் மனிதனுக்குப் பக்கத்தில் ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. அம்மா கட்சிக்கு அவ்வளவு பழைய சரித்திரம் இருக்கிறது!

ஆனால் எலி எது, சிட்டு எது என்று பூனை பார்ப்பதில்லை. வயிறு நிறையச் சோறு போட்டால் வேட்டையை விட்டுவிடும் என்பதும் தப்புக்கணக்கு. அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார் 55 வளர்ப்புப் பூனைகளின் கழுத்தில் சின்ன கேமரா கட்டிப் பார்த்தார்கள். பிடித்ததில் ஏறக்குறையப் பாதியை அவை தின்னாமல் அங்கேயே போட்டுவிட்டுப் போயின. வீட்டுக்குக் கொண்டுவந்தது கால் பங்குகூட இல்லை. ஆக, நம் வாசலில் கிடப்பதை வைத்துக் கணக்குப் போட்டால் முக்கால்வாசி விட்டுப்போகும். அந்த நாட்டில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்வதாக 2013இல் ஒரு ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு வீடில்லாப் பூனைகளுடையது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894இல் கலங்கரை விளக்கம் வந்தது, கூடவே பூனையும் வந்தது. பறக்கத் தெரியாத ஒரு குட்டிப் பறவை அங்கே இருந்தது. சில ஆண்டுகளில் அந்த இனமே இல்லை.

இதை ஹாஸ்டலில் சொன்னபோது ரூம்மேட் மடக்கினான்: "அது தீவுடா. நம்ம ஊர்ல காட்டுப்பூனை, கீரி, பாம்பு எல்லாம் காலங்காலமா இருக்கு. நம்ம பறவைக்குத் தப்பிக்கத் தெரியும்."

பாதி சரி. மீதிப் பாதிக்கு நம் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்டீம் இன்ஜின் கவர்னர் எல்லோரும் படம் போட்டிருப்பீர்கள். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். காட்டுப்பூனைக்கும் அப்படி ஒரு கவர்னர் உண்டு. இரை குறைந்தால் குட்டி குறையும், பூனை குறையும், இரை மறுபடி தலையெடுக்கும். நாம் பால்சோறு வைக்கிற பூனைக்கு அந்தக் கவர்னர் கிடையாது. சிட்டு ஒன்றுகூட மிஞ்சாவிட்டாலும் அதற்குப் பட்டினி இல்லை. அடுத்த ஈற்றுக்கு நாலு குட்டி தயார். கவர்னரைக் கழற்றியவர்கள் நாம், பழி மட்டும் பூனைக்கா?

ஜெர்மனியில் வால்டோர்ஃப் என்ற ஊரில், தரையில் கூடு கட்டும் ஒரு வானம்பாடிக்காக 2022இல் கோடை முடியும்வரை பூனைகளை வெளியே விடக்கூடாது என்று உத்தரவே போட்டார்கள். ஓட்டு வீட்டில் அதெல்லாம் நடக்காது, ஆயிரம் சந்து. நான் முதலில் தங்கச்சியின் பழைய கொலுசு மணியைக் கழுத்தில் கட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் படித்தேன், இங்கிலாந்தில் எக்ஸிட்டர் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில் மணியால் குறிப்பிடும்படி பலனில்லை. தினம் ஐந்து பத்து நிமிஷம் பூனையோடு விளையாடினாலே அது வீட்டுக்குக் கொண்டுவரும் இரை 25 சதவீதம் குறைந்தது. இறைச்சி அதிகமுள்ள தீனி போட்டால் 36 சதவீதம். (எங்கள் வீட்டில் கருவாட்டுத் தலையோடு சரி.)

என் கட்சி இதுதான்: பொழுது சாய்ந்தால் பூனை உள்ளே. நெல் மூட்டை இருக்கிற அறையிலேயே விட்டுக் கதவைச் சாத்தினால் அம்மாவின் கேள்விக்கும் பதில் ஆச்சு! மூலையில் பழைய சட்டியில் மணல் போதும். பறவைகள் இரை தேடி மும்முரமாகத் திரியும் விடியற்காலை கழிந்து, எட்டு மணிக்குக் கதவைத் திறக்கலாம். குட்டி வேண்டாம் என்றால் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்துவிட வேண்டும். குட்டிகளைச் சாக்கில் போட்டு அடுத்த ஊர் எல்லையில் விடுகிற வேலையை இனியாவது நிறுத்துவோம்.

வீட்டில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. முதல் வாரம் பூனை கத்திய கத்தலில் அப்பா திட்டியது என்னைத்தான். மூட்டை அறையில் இரண்டு எலி செத்துக் கிடந்ததாகத் தங்கச்சி போனில் சொன்னாள், அம்மா ஒன்றும் சொல்லவில்லையாம். பகலில் அணிலைத் துரத்துவதை மட்டும் அது இன்னும் விடவில்லை. அதற்கு வழி தெரிந்தவர்கள் ஹாஸ்டல் 14ஆம் நம்பர் ரூமுக்கு வந்து சொல்லவும், டீ என் செலவு.

– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை