ஆறு மணித்தியாலம்தானே!

"ஜித்தா என்ன தூரமா? ஆறு மணித்தியாலம்தானே!" எங்கள் ஊரில் இப்படிச் சொல்லாதவர்கள் குறைவு. கடந்த வருடம் வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கணக்கில் பிழையில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் ஜித்தா விமான நிலையத்துக்கும் இடையே நேர்த்தூரம் ஏறக்குறைய 4,650 கிலோமீற்றர். பெரிய பயணிகள் விமானமொன்று மணித்தியாலத்துக்குச் சுமார் 850 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தால் ஐந்தரை மணித்தியாலம். ஏறி இறங்கும் நேரத்தையும் கூட்டினால் 6 மணித்தியாலம். ஆனால் இது இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான கணக்கு மட்டுமே. என் வாப்பா வேலை செய்வது ஜித்தாவில். எங்கள் வீடு இருப்பதோ கல்முனையில்.

கடந்த வருடம் ஒரு வியாழக்கிழமை இரவு 8 மணிக்கு என் வாப்பும்மா வபாத்தானார். மறுநாள் காலை 9 மணிக்கு ஜனாஸா நல்லடக்கம் செய்யப்பட்டது. வாப்பா வந்து சேர்ந்தது சனிக்கிழமை அஸர் நேரத்தில். தாயின் முகத்தைப் பார்க்க வந்தவர், கப்றடியில் நின்று துஆச் செய்தார்.

அன்று வீட்டுக்கு வந்த ஒருவர் கேட்டார்: "ஆறு மணித்தியாலப் பயணம்தானே மகன், கொஞ்சம் வெள்ளன வந்திருக்கலாமே?" வாப்பா பதில் சொல்லவில்லை. எழுந்து வுழூச் செய்யப் போய்விட்டார்.

அன்றிரவு நான் கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். விமானம் புறப்படுவதற்கு 3 மணித்தியாலம் முன்னதாகவே அங்கு இருக்க வேண்டும். பறப்பு 6. கடவுச்சீட்டுப் பரிசோதனை முடிந்து, பெட்டியை எடுத்து வெளியே வர 1. அங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் வேனில் வர 8. மொத்தம் 18 மணித்தியாலம்! செய்தி கேட்ட நிமிடமே புறப்பட்டிருந்தாலும் வெள்ளி பிற்பகல் 2 மணிக்குத்தான் வாப்பா வாசலை மிதித்திருப்பார். அதற்கும் முன்னர் முதலாளியிடம் விடுமுறை, வெளியேறி மீள வருவதற்கான விசா, ஆசனம் உள்ள விமானம் எல்லாம் கிடைக்க வேண்டுமே!

இன்னொன்றையும் கவனித்தேன். கடல் கடந்து 4,650 கிலோமீற்றர் வர 6 மணித்தியாலம். சொந்த நாட்டுக்குள் 300 கிலோமீற்றர் வர 8 மணித்தியாலம். கிழக்கிலே பிறந்தவர்களுக்கு மிக நீண்ட பயணம் கட்டுநாயக்கவில் இறங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஜனாஸாவைத் தாமதியாமல் அடக்குவது நம் மார்க்கம் காட்டிய வழி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் கருத்தெல்லாம் நாம் பேசும் அந்த ஒரு வார்த்தையைப் பற்றியதே. 'தானே' என்று நாம் இலேசாகச் சொல்லும்போது, வர முடியாமற் போனவர் வர விரும்பாதவராகி விடுகிறார்.

தோழியரே, பெற்றோர்களே! நம்மில் எத்தனையோ வீடுகளில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். அடுத்த முறை தூரத்தைப் பற்றிப் பேசும்போது, வாசலிலிருந்து வாசல் வரை எண்ணிப் பாருங்கள். பிந்தி வந்தவரிடம் "ஏன் பிந்தினீர்கள்?" என்று கேட்காமல், "களைத்துப் போய் வந்திருப்பீர்கள், இருங்கள்" என்று ஒரு கோப்பை தேநீர் கொடுங்கள்.