நீக்கவும் இல்லை, சேர்க்கவும் இல்லை

அக்கா இன்றும் ஆசிரியர்தான். அவரை நீக்கி யாரும் ஆணை தரவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளாக வகுப்பும் இல்லை, சம்பளமும் இல்லை. எனது ஆய்வு உதவித்தொகையில்தான் இரண்டு வீடும் நடக்கிறது.

அவர் என் பெரியம்மா மகள். அரசு உதவிபெறும் பள்ளியொன்றில் இடைநிலை ஆசிரியர். முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்காக மருத்துவ விடுப்பு எடுத்தார். வலி தீராததால் நீட்டித்தார். ஒவ்வொரு விண்ணப்பமும் பதிவுத் தபாலில் போனது. ஒப்புகை அட்டைகள் என்னிடம் இருக்கின்றன. உடற்தகுதிச் சான்றோடு திரும்பிய அன்று, தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பூட்டி வைத்தார். "நீங்களாத்தான் வேலைய விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு நிர்வாகத்துல சொல்றாங்க டீச்சர்" என்றார்.

அதே பள்ளியில் நிர்வாகியின் சாதிக்காரர் ஒருவர், மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போய், விடுப்பு முடிந்து மூன்று மாதம் கழித்து வந்தார். மறுநாளே கையெழுத்துப் போட்டார். அக்கா அங்கே ஒரே தலித் ஆசிரியர்.

வழக்குப் போட்டோம். மனுவைப் பரிசீலிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் முடித்துவைத்தது. கல்வி அலுவலகம் விளக்கம் கேட்டது. நிர்வாகம் பதிலே தரவில்லை. மறுபடியும் வழக்கு.

சட்டத்தில் குழப்பம் இல்லை. விடுப்பு முடிந்தும் வராத அரசு ஊழியரை விளக்கம் கேட்காமல் நீக்குவது செல்லாது என்று, ராஜஸ்தான் சிறைக் காவலர் ஜெய்சங்கர் வழக்கில் 1960களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோயால் வர முடியாமல் போனதை வேண்டுமென்றே வராததாகக் கொள்ளக் கூடாது என்று 2012இல் கிருஷ்ணகாந்த் பார்மர் வழக்கில் சொன்னது. தனியார் பள்ளி ஆசிரியரை நீக்கக் கல்வித்துறையின் முன் அனுமதி வேண்டும் என்றது தமிழ்நாட்டின் 1973ஆம் ஆண்டுச் சட்டம்.

அதனால்தான் அக்காவை நீக்கவில்லை. நீக்கினால் மேல்முறையீடு உண்டு. பணியிடை நீக்கம் செய்தால் பிழைப்பூதியம் தர வேண்டும். வாசலில் நிறுத்திவைத்தால் எதுவும் தர வேண்டாம். எழுத்தில் எதையும் வைக்காமல் வெளியே நிறுத்துவது சாதிக்குப் பழகிய வேலை.

சம்பளம் அரசுப் பணம். அதிகாரம் மட்டும் நிர்வாகத்துடையதா? பணியேற்பு அறிக்கையைக் கல்வி அலுவலரே நேரில் பெறட்டும். முப்பது நாளில் நிர்வாகம் எழுத்துப்பூர்வ ஆணை தராவிட்டால், அறிக்கை தந்த நாள் முதல் அவர் பணியில் இருப்பதாகக் கொண்டு சம்பளம் வழங்கட்டும். இதற்கு ஓர் அரசாணை போதும்.

அக்காவுக்கு ஓய்வுபெற இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருக்கின்றன. நிர்வாகம் அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது.