டிரெய்லர் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

டிராக்டர் வாங்க நினைக்கும் விவசாயி பத்து இடத்தில் விசாரிக்கிறார். குதிரைத் திறன் எவ்வளவு, டீசல் எவ்வளவு குடிக்கும், உதிரி பாகம் அருகில் கிடைக்குமா என்று கேட்டறிந்த பின்பே முன்பணம் கட்டுகிறார். அதே விவசாயி டிரெய்லருக்காகப் பட்டறைக்குப் போனால் கேட்பது இரண்டே கேள்விகள்: தொட்டி எத்தனை அடி, விலை என்ன? தகட்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பதோடு சோதனை முடிந்துவிடுகிறது. பல டிராக்டர்கள் வயலில் உழுவதைவிடச் சாலையில் டிரெய்லரோடு ஓடும் நேரமே அதிகம் என்னும்போது இந்த அலட்சியம் சரியல்ல.

தொட்டியின் அளவு சுமையின் எடையைச் சொல்லாது. 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள தொட்டியின் கொள்ளளவு 120 கன அடி. இதில் நெல்லை விளிம்பு வரை கொட்டினால் ஏறத்தாழ 2 டன் இருக்கும். அதே தொட்டியில் ஈர மணலை நிரப்பினால் ஐந்தரை டன்னைத் தாண்டும். செங்கல் ஒன்று சுமார் 3 கிலோ. ஆயிரம் கல் ஏற்றினால் 3 டன் ஆகிவிடும். தொட்டியோ பாதிதான் நிரம்பியிருக்கும். தேங்காய் மட்டைக்கும் சோளத் தட்டைக்கும் பெரிய தொட்டி வசதிதான். அவற்றுக்காக உயர்த்திய பலகையைக் கழற்றாமல் அடுத்த வாரம் வண்டல் மண் அள்ளும்போதுதான் இருசு வளைகிறது, டயர் வெடிக்கிறது. ஆகவே, தம் நிலத்திலிருந்து போகும் சுமைகளில் எது மிகக் கனமானதோ அதைக் கொண்டே இருசும் டயரும் முடிவு செய்யப்பட வேண்டும். விலை குறைகிறது என்று தேய்ந்த லாரி டயரை மாட்டச் சம்மதிப்பது கூடாது.

"என் டிராக்டர் ஆறு டன்னை அநாயாசமாக இழுக்கும்" என்று சொல்வதில் பலருக்குப் பெருமை. இழுக்கும் என்பது உண்மையே. நிறுத்துமா என்பதுதான் கேள்வி. 40 குதிரைத் திறன் டிராக்டரின் சொந்த எடை சுமார் 2 டன். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே உண்டு. கிராமத்து டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் பின்னாலிருக்கும் ஆறு டன் டிராக்டரை முன்னோக்கித் தள்ளுகிறது. டிராக்டர் குறுக்கே திரும்பி மடங்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் ஆற்றல் நான்கு மடங்காகும். டிராக்டர் பிரேக்கோடு சேர்ந்து பிடிக்கும் பிரேக் உள்ள டிரெய்லரைக் கேட்டு வாங்குவதே நல்லது. அதற்காகத் தொட்டியை ஓரடி குறைத்துக் கொண்டாலும் நஷ்டமில்லை. பிரேக் இல்லாத டிரெய்லரை வைத்திருப்போர், சுமையோடு சேர்ந்த அதன் எடை டிராக்டரின் எடையைத் தாண்டாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

இரண்டு சக்கரமா, நான்கு சக்கரமா என்பதற்கு ஒரே விடை இல்லை. இரண்டு சக்கர டிரெய்லரில் சுமையின் ஒரு பகுதி டிராக்டரின் பின்சக்கரத்தில் அமர்வதால் சேற்றிலும் மண்பாதையிலும் பிடிப்பு கிடைக்கும். பின்னுக்கு எடுப்பதும் எளிது. நான்கு சக்கர வண்டி சுமையைத் தானே தாங்கும், தார்ச் சாலையில் நீண்ட தூரத்துக்கு ஏற்றது, களத்து மேட்டில் திருப்புவது சிரமம். இரண்டு சக்கரத்தில் பாரம் வைக்கும் முறையை மாட்டு வண்டி ஓட்டியவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பின்பாரமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு எழும்பும். டிராக்டரிலும் அதுவே நடக்கிறது. பின்சக்கரம் பிடிப்பை இழக்கும், பிரேக்கும் பிடிக்காது. முன்பாரம் மிகுந்தால் டிராக்டரின் முன்சக்கரம் தூக்கும், ஸ்டியரிங் கேட்காது. சுமை இருசுக்குச் சற்று முன்னே இருப்பதே முறை.

பழுதான மோட்டார் சைக்கிளை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகவும் இதே டிரெய்லர்தான் பயன்படுகிறது. வண்டியைப் படுக்க வைக்கவோ பக்க ஸ்டாண்டில் சாய்த்துவிடவோ கூடாது. முன்சக்கரத்தை முன்பலகையில் முட்ட வைத்து, ஹேண்டிலின் இரு பக்கமும் கீழ்நோக்கி இழுத்துக் கட்டி, பின்பக்கத்திலும் இரு கயிறு போட வேண்டும்.

டிரெய்லரை டிராக்டரின் தாழ்வான இழுகொக்கியில்தான் மாட்ட வேண்டும். கலப்பை மாட்டும் மேல்கம்பியில் கட்டி இழுத்தால் டிராக்டர் பின்புறமாகக் கவிழும். கொக்கியின் பின்னுக்குப் பூட்டு ஊசி அவசியம். சாலையில் இடது, வலது பிரேக் மிதிகளை இணைத்துப் பூட்டாமல் ஓட்டுவது பெரும் ஆபத்து. ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால் வண்டி சுழன்றுவிடும். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும் அப்படியே.

எவ்வளவு நல்ல டிரெய்லரானாலும் அது ஆள் ஏற்றும் வண்டி அல்ல. உத்தரப் பிரதேசத்தில் 2022 அக்டோபரில் கான்பூர் அருகே கோயிலிலிருந்து திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 25 பேருக்கு மேல் மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 2024 பிப்ரவரியில் அதே மாநிலத்தின் காஸ்கஞ்சில் கங்கை நீராடச் சென்றோர் 20 பேருக்கு மேல் அதே விதமாக இறந்தனர். நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைத் தொட்டியில் நிற்க வைத்து அழைத்துச் செல்வது நம் ஊர்களிலும் வழக்கமாக உள்ளது. சட்டம் இதை அனுமதிக்கவில்லை.

விவசாயியை மட்டும் குறை கூறிப் பயனில்லை. வெற்று எடை எவ்வளவு, ஏற்றத்தக்க சுமை எவ்வளவு என்று எழுதிய தகட்டை ஒவ்வொரு டிரெய்லரிலும் பட்டறையே பதித்துத் தர வேண்டும். கடன் தரும் வங்கியும் விலைப்புள்ளியைப் பார்ப்பதோடு, பிரேக் உண்டா என்று கேட்ட பிறகே பணம் விடுவிக்க வேண்டும். பின்பலகையில் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்ட அதிகச் செலவில்லை. இரவில் சாலையோரம் விளக்கின்றி நிற்கும் கரும்பு டிரெய்லரில் மோதுபவர் பெரும்பாலும் இருசக்கர வண்டியில் வருபவர்; சுமைக்கு வெளியே நீளும் கரும்பு அந்தப் பட்டையை மறைக்காதபடி அதை ஒட்ட வேண்டும்.