தூக்கும் டேப்பும் ஒட்ட வேண்டிய தோலும்

‘ஃபேஸ்லிஃப்ட்’, கழுத்துத் தோலை இறுக்கும் அறுவை ஆகியவற்றை முடித்துக்கொண்டவர்களின் கன்னத்தில் வண்ண வண்ண மீள் டேப்கள் விசிறி வடிவில் ஒட்டியிருக்கும் படங்கள் இப்போது நிறையக் கண்ணில் படுகின்றன. டேப் தோலை மேலே தூக்கும், நிணநீருக்கு வழிவிடும், வீக்கமும் கன்றலும் சீக்கிரம் வற்றும் என்கிறார்கள். மருந்தில்லை, ஊசியில்லை, ஆகவே கெடுதலும் இல்லை என்பது இதோடு வரும் இலவச இணைப்பு.

இந்த டேப் அறுவை அரங்கில் பிறந்ததல்ல. 1970களில் ஜப்பானியரான கென்சோ காசே தசை, மூட்டுத் தொல்லைகளுக்காக உருவாக்கியது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் கெர்ரி வால்ஷ் தோளில் கறுப்பு டேப்போடு மணல் வாலிபால் ஆடித் தங்கம் வென்றார். டேப்புக்கும் புகழ் வந்தது.

தூக்கும் என்ற வாதத்தை முதலில் பார்ப்போம். இழுத்து ஒட்டிய டேப் சுருங்கும்போது தோலில் சிறு மடிப்புகள் எழும், அவை அடியில் இடம் உண்டாக்கும் என்பது கொள்கை. பிரேசிலில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 148 பேரில் சிலருக்கு மடிப்பு விழும்படியும் மற்றவர்களுக்கு விழாதபடியும் ஒட்டிப் பார்த்தார்கள். 2014இல் வந்த முடிவு: மடிப்பால் கூடுதல் பலன் இல்லை.

அது முதுகு, இது முகம் என்று சொல்லலாம். முகத்துக்கே வருவோம். ஃபேஸ்லிஃப்டில் மருத்துவர் காதோரம் கீறி, கன்னத்தோலை அடித்திசுவிலிருந்து பிரித்து, இழுத்து, மிகுதியை வெட்டித் தைக்கிறார். பிரித்த தோல் மறுபடி கீழே படிந்து ஒட்டியாக வேண்டும். இடைவெளி விட்டால் அங்கே ரத்தமும் நீரும் கோத்துக்கொள்ளும். அதை மூடத்தான் சிலர் ஃபைப்ரின் பசை தெளிக்கிறார்கள். பிரேசில் மருத்துவர்களான ஆவர்ஸ்வால்ட் இருவரும் தோலையும் அடித்திசுவையும் சேர்த்து வலைபோலத் தைக்கும் முறையையே கொண்டுவந்தார்கள். மருத்துவர் இவ்வளவு பாடுபட்டுப் படியவைக்கும் தோலைத் தூக்கிவிடுவது எப்படி நன்மையாகும்? டேப் சொல்லும் அளவுக்குத் தூக்குவதில்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வரும் கைவீக்கத்துக்கு உதவியதே என்பார்கள். போலந்தில் 65 பெண்களிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. உண்மையான டேப் போலி டேப்பை மிஞ்சவில்லை. பழைய பல அடுக்குக் கட்டு இரண்டையும் முந்தியது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று தாடையிலிருந்து வருகிறது. தாடை எலும்பு முறிவு, ஞானப்பல் அறுவைகளுக்குப் பின் டேப் ஒட்டியவர்களுக்கு வீக்கம் குறைந்ததாக ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவை சிறிய ஆய்வுகள். கன்னத்தில் டேப் இருப்பது நோயாளிக்கே தெரியும். தவிர, அந்த அறுவைகளில் பெரும்பாலும் வாய்க்குள்ளேதான் கீறல். முகத்தோல் தன் இடத்தை விட்டு நகர்வதில்லை.

பிறகு அந்தப் படங்கள். டேப்பை உரித்ததும் அடியில் வெளுப்பும் பக்கத்தில் ஊதாவுமாக வரிவரியாகத் தெரியும். பார்த்தவுடன் நம்பத் தோன்றும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டேப்புக்கு அடியிலிருந்த ரத்தம் வடிந்துபோனதா, பக்கத்தில் ஒதுங்கியதா என்பதை வரிகள் சொல்லாது. இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும் வீக்கம் டேப் இல்லாமலும் இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலும் வடியும். ஐந்தாம் நாள் ஒரு படம், இருபதாம் நாள் ஒரு படம் எடுத்தால் எதை வேண்டுமானாலும் விற்கலாம்.

கெடுதல் இல்லை என்ற பேச்சுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பிரித்த தோலுக்கு அடியிலிருந்து வரும் ரத்த ஓட்டம் அறுந்திருக்கும்; விளிம்பு மெலிந்த ஓட்டத்தில் பிழைக்கும். புகைப்பவர்களுக்கு அது இன்னும் மெலிவு. அங்கே இழுத்து ஒட்டினால் கொப்புளம் வரலாம், உரிக்கும்போது மேல்தோல் கூடவே வரலாம். அறுவைக்குப் பின் கன்னம் வாரக்கணக்கில் மரத்திருப்பதால் டேப் கடிப்பதே நோயாளிக்கு உறைக்காது. ஃபேஸ்லிஃப்டில் அதிகம் நேரும் சிக்கல் தோலுக்கடியில் ரத்தம் கட்டுவது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில், பெண்களைவிட ஆண்களுக்கு அதிகமாக. அதைக் கண்டுபிடிக்கத் தோலின் நிறத்தையும் இறுக்கத்தையும் பார்க்க வேண்டும், டேப்பின் நிறத்தை அல்ல.

அறுவை செய்தவரே, எங்கே, எந்த நாளில், எவ்வளவு இழுப்பில் என்று சொல்லி ஒட்டினால் அது அவர் பொறுப்பு. கடையில் சுருள் வாங்கி வீட்டில் ஒட்டிக்கொள்வது வேறு. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று உப்பி, வலியெடுத்து, இறுகினால் எந்த டேப்பும் அதை வடிக்காது. இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்க் கட்டிய ரத்தத்தை எடுக்க வேண்டும்.