மிதப்பதைப் பார்த்து வாங்குவோம்

நிலக்கரிச் சாம்பல் என்றால் நம் வணிகர்களுக்கு சாம்பல் கல்லும் சிமெண்டும்தான் நினைவுக்கு வரும். அதே சாம்பலிலிருந்து எடுக்கும் இன்னொரு சரக்கு, செனோஸ்பியர் என்ற பெயரில் மூட்டை மூட்டையாக விலை போகிறது. இதை வெறும் எடையை மட்டும் பார்த்து வாங்குகிறவர் கையைச் சுட்டுக்கொள்வார் என்பது என் கருத்து.

முதலில் சரக்கைத் தெரிந்துகொள்வோம். நம் திருவெறும்பூர் பெல் ஆலை 1960-களிலிருந்து மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்து தருகிறது. அத்தகைய கொதிகலனில், மாவாக அரைத்த நிலக்கரி 1,400 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் எரியும்போது, அதிலுள்ள மண் பொருள் உருகித் துளியாகிறது. துளிக்குள் வாயு சிக்கி, குமிழி போல் ஊதி, சட்டென்று ஆறி இறுகினால் உள்ளே வெற்றிடமுள்ள சிறு உருண்டை கிடைக்கிறது. கிரேக்க மொழியில் ‘கெனோஸ்’ என்றால் வெற்று என்று பொருள். பெயர் அதிலிருந்து வந்தது. சாம்பலை நீரோடு கலந்து குட்டையில் விடும்போது இவை மேலே மிதக்கும். அதை வழித்து எடுத்து உலர்த்துவார்கள். ஒரு டன் சாம்பலில் 20 கிலோ கிடைத்தாலே அதிகம்.

சிலிக்காவும் அலுமினாவும் கலந்த இந்த உருண்டை சூட்டைத் தாங்கும், சூட்டை எளிதில் கடத்தாது, தண்ணீரை விட லேசானது. அதனால்தான் எண்ணெய்க் கிணற்றுச் சிமெண்ட், உலைக்கான காப்புக் கல், எடை குறைந்த கான்கிரீட், பெயின்ட், புட்டி, பிளாஸ்டிக் ஆகியவற்றில் சேர்க்கிறார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். நம் முன்னோர் நெல்லை மரக்காலில் அளந்தார்கள். பிறகு தராசு வந்தது. இந்தச் சரக்குக்கு மரக்கால் கணக்குதான் பொருந்தும். வாங்குகிறவர் விலை கொடுப்பது எடைக்கு அல்ல, இடத்தை அடைப்பதற்கு. சுண்ணாம்புக்கல் மாவின் அடர்த்தி 2.7; நல்ல செனோஸ்பியரின் அடர்த்தி 0.7 அளவு. ஆகவே இதன் ஒரு கிலோ அடைக்கும் இடத்தை நிரப்ப, அந்த மாவு ஏறக்குறைய நான்கு கிலோ வேண்டும். கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டு “இது கொள்ளை விலை” என்பதும் தவறு. கிலோ விலை மலிவு என்று மயங்குவதும் தவறு. உடைந்த உருண்டையும் சாதாரணச் சாம்பலும் கலந்த மூட்டை தராசில் குறையே காட்டாது. 25 கிலோ மூட்டையில் 5 சதவீதம் ஈரம் இருந்தால், 1¼ கிலோ தண்ணீருக்குப் பணம் கொடுக்கிறோம்.

இதற்குச் சோதனை எளிது. மாதிரியைக் காயவைத்து எடை பார்த்தால் ஈரம் தெரியும். கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் ஊற்றி, காய்ந்த சரக்கை எடை போட்டுக் கலக்கி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். அடியில் தங்கியதைக் காயவைத்து நிறுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வாடிக்கையாளருக்கும் ஒரு வார்த்தை சொல்லி விற்க வேண்டும்: கலவை இயந்திரத்தில் இதைக் கடைசியாகப் போட்டு மெதுவாகக் கலக்க வேண்டும். வேகமாக அடித்தால் உருண்டை நொறுங்கி, கொடுத்த காசு வெறும் சாம்பலாகிவிடும்.

இந்த எச்சரிக்கை இப்போது ஏன் என்று கேட்கலாம். நிலக்கரிச் சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 1999-இல் அறிவிக்கை வெளியிட்டது. 2021 டிசம்பர் அறிவிக்கை அதை மேலும் கடுமையாக்கியது. சாம்பலை உலர்ந்த நிலையிலேயே பிடித்து ஆலைகளுக்கு அனுப்புவது பெருகியுள்ளது. நாட்டுக்கு அது நல்லதே. ஆனால் குட்டைக்குப் போகாத சாம்பலில் இந்த உருண்டை பிரியாமல் கலந்தே போய்விடும். வரத்து குறைந்து விலை ஏறும் சரக்கில் கலப்படமும் நுழையும். மிளகிலும் நெய்யிலும் நாம் பார்க்காததா!

எடையை விட்டுவிடச் சொல்லவில்லை. பில்லில் எடையோடு அடர்த்தி, ஈரம், மூழ்கும் பங்கு மூன்றையும் எழுதித் தரும்படி கேட்போம். துவாக்குடியிலேயே தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. மாதிரிகளைச் சோதித்துத் தர இயலுமா என்று சங்கம் அணுகிக் கேட்கட்டும். கொதிகலன் ஆர்டர் குறையும் காலத்தில் நம் சிறு தொழிலதிபர்கள் மாற்றுத் தொழில் தேடுகிறார்கள். அவர்களில் ஒருவர் காப்புக் கல்லோ புட்டியோ செய்ய முன்வந்தால், முதல் மூட்டையிலேயே ஏமாறாமல் காப்பது சரக்கு விற்கும் நம் கடமை.