சிறுகுடல் ஃபாலிகுலர் லிம்ஃபோமா: மருந்து வரி நீக்கமும் சிகிச்சைத் தேர்வும்

2025 செப்டம்பர் 22 முதல் 33 உயிர்காக்கும் மருந்துகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி முற்றிலும் நீக்கப்பட்டுள்ளது. ஃபாலிகுலர் லிம்ஃபோமா எனும் நிணநீர்ப் புற்றுநோய்க்குத் தரப்படும் ஒபினுடுசுமாப் அவற்றுள் ஒன்று. அதன்மீது முன்னர் 12 விழுக்காடு வரி இருந்தது. இச்செய்தியை அறிந்த புதுச்சேரி நோயாளிகளுக்கு, "இம்மருந்தை உடனே தொடங்கலாமா?" என்ற கேள்வி எழுவது இயல்பு. நோய் சிறுகுடலில் மட்டும் இருப்பின், பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதில்லை.

ஏன் அவசரம் தேவையில்லை?

இந்நோய் பெரும்பாலும் முன்சிறுகுடலில், வேறு காரணத்திற்காகச் செய்யப்படும் எண்டோஸ்கோப்பியின்போது சிறு வெண்ணிறப் பருக்களாகத் தென்படுகிறது. நிணநீர்க் கணுக்களில் தோன்றும் வகையைவிட மிக மெதுவாக வளர்வதால், உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இதனைத் தனி வகையாகக் கொள்கிறது. 2011இல் வெளியான ஆய்வொன்றில் 63 நோயாளிகளுள் 24 பேர் மருந்தின்றிக் கண்காணிக்கப்பட்டனர். அவர்களுள் 7 பேருக்கு நோய் தானாகவே மறைந்தது. 17 பேருக்கு வளராமல் நிலைத்திருந்தது.

முதலில் உறுதிசெய்ய வேண்டியவை

திசுப் பரிசோதனை, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, தேவைப்படின் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை ஆகியவற்றால் நோய் குடலுக்கு வெளியே பரவவில்லை என்பதை உறுதிசெய்தல் வேண்டும். கோரிமேட்டிலுள்ள ஜிப்மரில் குடல்நோய், புற்றுநோய், கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவுகள் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன.

சிகிச்சை வழிகள்

கண்காணிப்பு: அறிகுறி இல்லாதோருக்கு இதுவே முதல் வழி. குறித்த இடைவெளியில் மருத்துவரைக் கண்டு, அவர் கூறும் பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும்.

கதிர்வீச்சு: ஓரிடத்தில் மட்டும் உள்ள நோய் தொல்லை தரும்போது குறைந்த அளவில் அளிக்கப்படும்.

ரிட்டுக்சிமாப்: அறிகுறி உள்ளோருக்குத் தனி மருந்தாகவும் தரப்படலாம். 2007 முதல் இதன் இந்தியத் தயாரிப்பும் கிடைக்கிறது. இதனையோ ஒபினுடுசுமாப்பையோ தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம். மறைந்திருக்கும் அத்தொற்று மீண்டும் தீவிரமடையக்கூடும்.

கூட்டு மருந்துச் சிகிச்சை: நோய் பரவியிருந்து தொல்லையும் தந்தால், ரிட்டுக்சிமாப் அல்லது ஒபினுடுசுமாப்புடன் பெண்டமுஸ்டின் போன்ற மருந்துகள் சேர்க்கப்படும். வரி நீக்கத்தின் பயன் இந்நிலையில் உள்ளோருக்கே மிகுதி.

அறுவை சிகிச்சை: குடல் அடைப்பு, துளை, நிற்காத இரத்தக்கசிவு ஆகியவற்றுக்கு மட்டுமே.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

கறுப்பு நிற மலம், தொடர் வாந்தி, கடும் வயிற்றுவலி ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. காரணமற்ற எடைக்குறைவு, விடாத காய்ச்சல், இரவு வியர்வை, புதிய கட்டி ஆகியவற்றை அடுத்த முறைநாள் வரை காத்திராமல் தெரிவிக்கவும். 70 வயது நிறைந்தோர், வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் பாரத் அட்டை பெறத் தகுதியுடையவர்கள்.

மருந்தின் விலை குறைந்தமை நற்செய்தியே. எனினும், அதனைத் தொடங்கும் காலத்தை நோயின் நிலையே முடிவு செய்கிறது. "காத்திருப்போம்" என மருத்துவர் கூறினால், அதனைக் கைவிடப்பட்டதாகக் கருத வேண்டா. அதுவும் சிகிச்சையே, முறைநாள் தவறாமல் வருவது அதில் நோயாளியின் பங்கு.