நத்தைகுத்தி நாரை
கெடிலமும் பெண்ணையாறும் வளப்படுத்தும் அண்ணாகிராம வட்டாரத்து நன்செய்களில், உழவனுக்குக் கூலி பெறாது உழைக்கும் துணை நத்தைகுத்தி நாரை. வளர்ந்த நாரையின் அலகு நடுவிற் பொருந்தாது இடைவெளி விட்டு நிற்கும். குஞ்சுகளுக்கு அவ்விடைவெளி இராது. இந்நாரை சேற்றில் மெல்ல நடந்து நத்தையைப் பற்றி, அலகின் நுனியால் உள்தசையை உருவி உண்ணும். இளநாற்றைத் தின்னும் நத்தைகள் இதனாற் குறைகின்றன.

இப்பறவை நீர்நிலையை அடுத்த மரங்களிற் கூட்டமாகக் கூடு கட்டும். ஏரி தூர்ந்தாலும், கரைமரம் வெட்டுண்டாலும், வயலில் நஞ்சு மிகுந்தாலும் இதற்கு வாழ்வில்லை. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் மக்கள், பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாதலை உணர்ந்து, 1798 ஆம் ஆண்டிலேயே பறவைகளைக் காக்கும் உரிமையை ஆட்சியரிடம் பெற்றனர். அத்தெளிவு எவ்வூர்க்கும் வேண்டும். நாரையை வேட்டையாடுதல் அறமன்று, அறிவுமன்று. நாரையைக் காக்கும் ஊர் தன் வயலையே காத்துக்கொள்கிறது.